செவ்வுமரி அறுத்த ஒன்பது நாள்

கிட்டத்தில் வாருங்கள், கண்ணுகளா. அதோ காற்றுப் பக்கமாக உட்கார்ந்திருக்கிறவர்களும் இப்படி நகர்ந்து வந்துவிடுங்கள். சத்தமாகச் சொல்ல முடியாத கதை இது. சத்தமாகச் சொல்லக்கூடியவை என்னிடம் நிறைய உண்டு. அவற்றை இன்னொரு நாள் பார்த்துக்கொள்வோம். இன்றைக்கு ஈச்சம்புலத்து மண்ணிலிருந்து உப்பு இறங்கிய கதையைச் சொல்கிறேன். நீங்கள் நடுவில் எழுந்து போகாமல் இருந்தால், நானும் நடுவில் எதையும் ஒளிக்காமல் சொல்வேன்.

கடல் மூன்றாவது முறை உள்ளே வந்துவிட்டுப் போன பிறகு, ஈச்சம்புலத்து வயலெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது. நெல் தூவினால் முளை வரும், நாலாம் நாள் கருகும். தென்னைகள் தலையில்லாமல் நின்றன. கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. மேட்டில் முகாம் கட்டியிருக்கிறோம், வந்துவிடுங்கள் என்றது அரசாங்கம். பாதி ஊர் போனது. போக மாட்டோம் என்று எழுபது வீடு நின்றது. அந்த எழுபது வீட்டுக்காகத்தான் நிரஞ்சனா என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் உமரியைக் கொண்டுவந்தாள்.

உமரியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உப்பங்கழி ஓரத்தில் இலையென்று சொல்ல எதுவுமில்லாமல், குட்டி குட்டி விரலாகச் சாறு கோத்து நிற்குமே, அதுதான். இவள் கொண்டுவந்தது ஆய்வுக்கூடத்தில் குணம் மாற்றிய உமரி. ஊரார் அதற்குச் செவ்வுமரி என்று பெயர் வைத்தார்கள். அதன் வேர் ஆள் உயரத்துக்குக் கீழே போகும். மண்ணில் இருக்கிற உப்பையெல்லாம் இழுத்து, தண்டிலுள்ள சின்னச் சின்னப் பைகளில் அடைத்துக்கொள்ளும்.

புயல் பாதுகாப்பு மையத்தில் ஊரைக் கூட்டி வைத்துச் சொன்னாள்.

"பை நிறைஞ்சதும் செடி சிவந்துரும். சிவந்த நாள்லேருந்து ஒன்பது நாள் டயம். அதுக்குள்ள அறுத்து, படகுல ஏத்தி, நடுக்கடல்ல கொட்டிரணும்."

"பத்தாம் நாள் அறுத்தா?" என்று கேட்டார் நீலமேகம். அவர்தான் ஊர்த்தலைவர்.

"பை வெடிச்சிரும்ங்க ஐயா. உள்ளேருந்து இழுத்த உப்பு மொத்தமும் மேல்மண்ணுல கொட்டிரும். இப்ப இருக்கறதைவிட மோசமாயிரும். மூணு வருஷம், மூணு அறுப்பு. ஒழுங்கா முடிஞ்சா இஞ்ச நெல்லு வெளையும். ஒண்ணு தவறினாலும் மறுபடி விதை தர என்னால ஆகாது. இருநூறு ஊர் வரிசையில நிக்குது."

"மெஷின் வச்சு ஒரே நாள்ல வழிச்சிரலாமே."

"இந்தச் சேத்துல மெஷின் ஏறினா பை நசுங்கிப் போயிரும். கையால அடித்தண்டைப் பிடிச்சு, அருவாளால அறுக்கணும்."

அரிவாள் என்றதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஏன் என்று சொல்கிறேன்.

ஈச்சம்புலத்தில் இரும்பு கட்டுவது என்று ஒரு வழக்கம். ஊரில் ஒருவர் இறந்துவிட்டால், அரிவாள், மண்வெட்டி, கடப்பாரை எல்லாம் சாவு வீட்டுக்கு வந்துவிடும். குழி வெட்டுகிற மண்வெட்டி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டிவிடுவார்கள். பதினாறாம் நாள்தான் அவிழ்ப்பது. மண்ணுக்குள் போனவர் மண்ணோடு பழகிக்கொள்ள அத்தனை நாள் ஆகும், அதுவரை மண்ணை யாரும் நோகடிக்கக் கூடாது என்பார்கள்.

நிரஞ்சனா கேட்டாள்: "அந்த ஒன்பது நாள்ல யாராவது தவறிட்டா என்னங்க பண்றது?"

"நாங்க சாக மாட்டோம் மேடம். சாகறதுக்கு இஞ்ச யாருக்கு நேரம் இருக்கு?" என்றாள் பின்வரிசையிலிருந்து அபிநயா. எல்லோரும் சிரித்தார்கள்.

"வெளையாட்டு இல்லைங்க. ஒன்பது நாளைக்கு மட்டும் அந்த வழக்கத்தைத் தள்ளி வைக்க முடியாதா?"

சிரிப்பு அடங்கிவிட்டது. நீலமேகம்தான் பதில் சொன்னார்.

"கடல் வந்தப்ப நாப்பத்தொரு பேரைப் புதைச்சோம்மா. பூ இல்ல, மேளம் இல்ல, போத்தறதுக்குத் துணிகூட இல்ல. அவங்களுக்குன்னு நாங்க செஞ்சது, பதினாறு நாள் மண்ணைத் தொடாம இருந்தது ஒண்ணுதான். அதையும் தள்ளி வைன்னா எப்படி?"

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

முதல் அறுப்பு நல்லபடியாக முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. அந்த இரண்டு ஒன்பது நாளிலும் ஊரில் ஒரு சாவு விழவில்லை. மூன்றாம் வருஷம் பங்குனியில், வயல் முழுவதும் ஒரே இரவில் ரத்தச் சிவப்பாக மாறியது. இதுதான் கடைசி.

அறுப்புக்குத் தலைமைக்காரி ஜனனி. ஐம்பது வயது. அவள் புருஷன் கவியரசன், உப்புத் தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சிறுநீரகம் இரண்டும் போய், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். ஏறக்குறைய மூன்று நாளைக்கு ஒருமுறை மேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து டயாலிசிஸ் வண்டி வரும். ஓட்டுநர் கிடையாது. ஆள் உயரச் சக்கரத்தில் சேற்றையும் தண்ணீரையும் கடந்து தானாக வந்து, அவர் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிவிட்டுத் தானாகத் திரும்பிப் போகும். நாள் குறித்து வைத்து வருவதும் இல்லை. அவர் மணிக்கட்டில் ஒரு பட்டை உண்டு. ரத்தத்தில் அழுக்கு ஏறினால் பட்டை சொல்லும், வண்டி கிளம்பும். அவசரமென்றால் பட்டையில் இருக்கிற பொத்தானை அமுக்கினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். நாடித்துடிப்பு நின்று கால் மணி நேரம் ஆகிவிட்டாலும் வரும், சங்கு ஊதிக்கொண்டு.

கடலோரத்துப் போன் கோபுரங்களெல்லாம் விழுந்துவிட்ட ஊர் அது. வெளியுலகத்தோடு ஈச்சம்புலத்துக்கு இருந்த ஒரே கயிறு, கவியரசன் கையில் இருந்த பட்டைதான். வண்டி வருகிற அன்று தெருவே அவர் வாசலில் கூடும். அதிலேயே ஊசியும் மருந்தும் இருக்கும். பிள்ளைக்குச் சளி, ஆத்தாவுக்கு முட்டுவலி, எல்லாவற்றுக்கும் அந்த வண்டிதான் வைத்தியர்.

பக்கத்து வீடு அபிநயாவுடையது. கவியரசனுக்குத் தங்கை முறை. புருஷனைக் கடல் கொண்டு போய்விட்டது. அவளும் பத்தொன்பது வயது மகள் செங்கனியும் மட்டும்தான்.

முதல் நாள் காலையில் செங்கனி அரிவாளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜன்னலில் வந்து நின்றாள்.

"மாமா, உங்க பேருல இன்னிக்கு எத்தனை கட்டு அறுக்கட்டும்?"

"என் பேருல எதுக்கு? உங்க அத்தை பேருல அறு. அவ ஒரு கட்டைத் தூக்கி முடிக்கறதுக்குள்ள ஒனக்குக் கல்யாணமாகிப் புள்ளையே பொறந்துரும்."

"ரெண்டு பேரும் வாயாலயே அறுத்துக்கிட்டு இருங்க. நான் அருவாளால அறுக்கப் போறேன்" என்றாள் ஜனனி.

இரண்டாம் நாள் வண்டி வந்து போனது. மூன்றாம் நாள், செங்கனி வழுக்கி விழுந்து அரிவாள் நுனி கெண்டைக்காலில் பட்டுவிட்டது. ஒரு விரல் நீளம்தான் காயம். "உமரிக்கு முந்தி எனக்குப் பை வெடிச்சிருச்சு அத்தை" என்று சிரித்தபடியே தாவணித் துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு, சேற்றில் மறுபடி இறங்கினாள். மறுநாளும் இறங்கினாள்.

அந்த நாலாம் நாள் மத்தியானம் கஞ்சி கொடுக்கலாம் என்று ஜனனி வீட்டுக்குப் போனாள். கவியரசன் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துப் படுத்திருந்தார். கண் திறந்திருந்தது. பட்டையில் பச்சை விளக்கு போய் மஞ்சள் மினுக்கிக்கொண்டிருந்தது. நாடி நின்று இன்னும் கால் மணி ஆகவில்லை.

அவள் அழவில்லை. அழுதால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். ஜன்னலுக்கு வெளியே பாதி வயல் சிவப்பாக நின்றது. இன்னும் ஐந்து நாள் வேலை. இப்போது வாசலுக்குப் போய் ஒரு குரல் கொடுத்தால் எழுபது வீட்டு அரிவாளும் இந்த வீட்டுக்கு வந்துவிடும். ஒருவர்கூட முடியாது என்று சொல்ல மாட்டார்கள். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. பதினாறாம் நாள் மூட்டையை அவிழ்க்கும்போது மூன்று வருஷத்து உப்பும் மண்ணின் மேலே கிடக்கும். எழுபது வீடும் பாயைச் சுருட்டிக்கொண்டு முகாமுக்கு நடக்கும்.

கேட்டிருந்தால் அவரும் சொல்லாதே என்றுதான் சொல்லியிருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவரிடம் கேட்கவில்லை என்பதுதான் உண்மை.

பட்டையைக் கழற்றித் தன் மணிக்கட்டில் மாட்டினாள். கொஞ்சம் யோசித்தது போல மஞ்சள் இரண்டு தடவை மினுக்கிவிட்டுப் பச்சைக்கு வந்தது. கருவாட்டுக்கென்று மூன்று மூட்டை உப்பு வீட்டில் இருந்தது. குழியில் இறக்கும்போது போடவேண்டிய உப்பு. உடம்பு கெடாமலிருக்க அதைக் கட்டிலிலேயே அவர் மேல் போட்டாள். அவர் கண்ணை மூடிவிட்டாள். ஜன்னலைச் சாத்தினாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வயலுக்குத் திரும்பினாள்.

"சாப்பிட்டியா அத்தாச்சி?" என்று அபிநயா கேட்டாள்.

"ஆச்சு."

"அண்ணன்?"

"தூங்குறாரு."

அன்றைக்கு ஜனனி மற்றவர்களைவிட எட்டுக் கட்டு அதிகம் அறுத்தாள் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாள் வண்டி வரவேண்டும். வரவில்லை. ஆறாம் நாளும் வரவில்லை. தெருவில் பெண்கள் சந்தோஷமாகத்தான் பேசிக்கொண்டார்கள்: "அண்ணனுக்கு ரத்தம் சுத்தமாயிருச்சு போலருக்கு. வண்டியே வேண்டாங்குது." அதைக் கேட்டபோதுதான் ஜனனிக்கு விஷயம் உறைத்தது. பட்டை இப்போது பார்ப்பது அவளுடைய ரத்தத்தை. கல் மாதிரி உடம்பு அவளுக்கு. அது பச்சையாகவே இருக்கும். வண்டி வரவே வராது.

ஏழாம் நாள் காலையில் கதவு தட்டப்பட்டது.

ஒரு சாண் திறந்து, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள் ஜனனி. மணிக்கட்டு மேல் முந்தானை. வாசலில் அபிநயா, தலை சீவாமல், நேற்றுச் சேலையோடு.

"வண்டி எப்ப வரும் அத்தாச்சி?"

"ஏன் அபி?"

"செங்கனி காலு கருத்துப் போச்சு. தொடை வரைக்கும் ஏறிருச்சு. உடம்பு அடுப்பா கொதிக்குது. ராவெல்லாம் அப்பன்கூடப் பேசிக்கிட்டு இருக்கா."

"படகுல ஏத்திக்கிட்டு..."

"எல்லாப் படகும் கடல்ல இருக்கு. வர ரெண்டு நாளாவும்." அவள் தொண்டையைச் செருமினாள். "அண்ணன் சும்மா ஒரு தடவை அந்தப் பொத்தானை அமுக்கினா வண்டி வந்துருமே. ஒரே ஒரு ஊசி. கேட்டுப் பாரேன்."

"இப்பத்தான் கண்ணசந்தாரு அபி. எழுப்பினா மூச்சு வாங்கும். வண்டி இன்னிக்கு வந்துரும். இல்லன்னா நாளைக்குக் கண்டிப்பா வரும்."

அபிநயா அவளைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்தாள்.

"சரி அத்தாச்சி. தூங்கட்டும்."

படியிறங்கிப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டு ஜனனி அங்கேயே நின்றாள். கட்டைவிரல் பொத்தான் மேல் இருந்தது. பொறுங்கள், அவசரப்பட்டு அவளைத் திட்டாதீர்கள். நானும் திட்டியிருக்கிறேன், ரொம்ப வருஷம் திட்டியிருக்கிறேன். அமுக்கினால் வண்டி வரும். நேரே கட்டிலுக்குப் போகும். சங்கு ஊதும். அறுக்க இரண்டே நாள் பாக்கி. கிழக்குப் பக்கம் மட்டும்தான் இன்னும் சிவப்பு. அவள் நினைத்தாள்: ரெண்டு நாள்தானே, வயசுப் புள்ள, தாங்கும்.

கட்டைவிரலை எடுத்துவிட்டாள்.

அன்று அபிநயா வயலுக்கு வரவில்லை. எட்டாம் நாள் விடிந்ததும் வந்தாள். கிழக்குப் பக்கம் அவளுடைய வயல்தான். குனிந்தவள் நிமிராமல் அறுத்தாள்.

"செங்கனி எப்படி இருக்கா?" என்று கேட்டாள் ஜனனி.

"தூங்குறா அத்தாச்சி."

காய்ச்சல் விட்டுத்தான் தூங்குகிறாள் என்று ஜனனி எடுத்துக்கொண்டாள். அப்படி எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது அவளுக்கு.

ஒன்பதாம் நாள் சூரியன் சாய்வதற்கு முன்னால் கடைசிக் கட்டு படகில் ஏறியது. யாரும் ஆரவாரம் செய்யவில்லை. முழங்கால் சேற்றில் அப்படி அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். நீலமேகம் மட்டும் இரண்டு கையையும் மண்ணில் வைத்து, குழந்தையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பது போல வைத்திருந்தார்.

ஜனனி வீட்டுக்கு வந்தாள். ஜன்னலை அகலத் திறந்தாள். பட்டையைக் கழற்றி உறியில் போட்டாள். கூந்தலை அவிழ்த்துவிட்டு, வாசலுக்கு வந்து, ஐந்து நாளாக வைத்திருந்த குரலை எடுத்துப் போட்டாள்.

அந்தக் குரல் முடிவதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு குரல் எழுந்தது. அண்ணனுக்காக அபிநயா அழுகிறாள் என்று ஜனனி நினைத்தாள். கேட்டு ஓடிவந்த நீலமேகம் இரண்டு வீட்டுக்கும் நடுவில், தெருவிலேயே நின்றுவிட்டார். எந்த வாசலுக்குப் போவது என்று அவருக்குத் தெரியவில்லை. பெண்கள் இப்படிப் பாதியும் அப்படிப் பாதியுமாக ஓடினார்கள். அபிநயா வீட்டுக்குள் போனவர்களில் ஒருத்தி வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"செங்கனி" என்றாள். "செத்து ரெண்டு நாளாச்சாம். ஏழாம் நாள் மத்தியானமே போயிருச்சாம்."

அபிநயா வீட்டிலும் உப்பு போட்டிருந்தது.

இரண்டு பேரையும் அடுத்தடுத்த குழியில் வைத்தார்கள். ஊர் இரும்பை இரண்டு மூட்டையாகப் பிரித்து இரண்டு வீட்டிலும் கட்டினார்கள். மறுநாள் நிரஞ்சனா கருவியோடு வந்து, வயலில் பத்து இடத்தில் குத்திப் பார்த்தாள். "நல்ல மண்ணுங்க, இனிமே நெல்லுக்கு ஆகும்" என்று ஓடி வந்து சொன்னவள், தெருவில் கட்டியிருந்த பந்தலைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

பதினாறாம் நாள் இரும்பு அவிழ்த்தார்கள். அவரவர் அரிவாளை எடுத்துக்கொண்டு போய்விட்ட பிறகு, ஜனனி வீட்டுக் கூடத்தில் அவளும் அபிநயாவும் மிஞ்சினார்கள். நடுவில் வெள்ளைத் துணி.

"அபி, ஒண்ணு சொல்லணும் ஒங்கிட்ட."

"வேண்டாம் அத்தாச்சி. தெரியும்."

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு நீ கதவைப் பிடிச்சிருந்தியே, முந்தானைக்குள்ள பச்சையா மினுங்குச்சு. அண்ணன் கையில இருக்க வேண்டியது ஒன் கையில இருந்துச்சு. அப்பறம் புரியாதா? உள்ள அண்ணன் இல்ல, வண்டியும் வராதுன்னு அங்கயே தெரிஞ்சு போச்சு."

ஜனனி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அப்ப ஏன்டி சும்மா போன? கத்தியிருக்கலாமே! கையைப் புடிச்சு அமுக்கியிருக்கலாமே! என்னை ஒரு அறை அறைஞ்சிருக்கலாமே!"

அபிநயா துணியை மடிக்க ஆரம்பித்தாள். நாலாக மடித்தாள். எட்டாக மடித்தாள். இனி மடிக்க முடியாது என்று ஆனதும் சொன்னாள்:

"என் வயல்தான அத்தாச்சி பாக்கி கெடந்துச்சு. அவளுக்குன்னு வச்சிருந்த வயல். ரெண்டு நாள்தானே, வயசுப் புள்ள, தாங்கும்னு நெனைச்சேன்."



அந்த ஐப்பசியில் ஈச்சம்புலத்தில் நாற்று நட்டார்கள். தையில் அறுத்தார்கள். முகாமுக்குப் போயிருந்தவர்கள் திரும்பி வந்தார்கள். தென்னை வந்தது, அவரை வந்தது, கிணற்றில் பருப்பு வேகிற தண்ணீர் வந்தது. வெளியூர்க்காரர்கள் வந்து மண்ணை அள்ளி முகர்ந்து பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். இப்படி ஒரு வழி இருக்கிறதே என்று தங்கள் ஊருக்கும் செவ்வுமரி கேட்டு வாங்கிப் போனார்கள். அந்த ஒன்பது நாளைப் பற்றி அவர்கள் கேட்டபோது, ஈச்சம்புலத்துக்காரர்கள் அறுக்கிற விதத்தை மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஜனனியும் அபிநயாவும் ஒரே வரப்பில்தான் நடந்தார்கள். களை எடுத்தார்கள். குழம்பு மாற்றிக்கொண்டார்கள். ஆனால் அன்றிலிருந்து சாகும்வரை, இரண்டு பேரும் தங்கள் வீட்டுக் கதவைச் சாத்தியதில்லை. மழையிலும் சாத்தியதில்லை.

கதை இவ்வளவுதான், தங்கங்களா. மெதுவாக எழுந்திருங்கள், கால் மரத்திருக்கும். உங்கள் வீட்டு மண் இனிக்கட்டும். உங்கள் பானையில் சோறு பொங்கட்டும். உங்கள் வீட்டில் ஒருவருக்கு முடியாமல் போனால், வாய்விட்டுக் கூப்பிட முடிகிற நாளாக அது இருக்கட்டும். கூப்பிட்ட குரலுக்கு நாலு பேர் ஓடி வரட்டும். அடுத்த வீட்டில் கூப்பிட்டால் முதலில் ஓடுகிற கால் உங்களுடையதாக இருக்கட்டும். போய்ச் சாப்பிட்டுப் படுங்கள். நன்றாக இருங்கள்.